புது சமையலறைக்கு எந்தக் கல்? பெயரை விடுங்கள், ஒரு துண்டை வாங்கி வந்து வையுங்கள்

நீங்கள் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டிருக்கிறேன். ‘எல்’ வடிவ மேடை, ஜன்னலுக்குக் கீழே சிங்க், மாலை வெயில் நேராக உள்ளே விழும், தினமும் இரண்டு வேளை சமைக்கிற வீடு. உங்கள் மனைவிக்கு வெள்ளை மார்பிள் பிடித்துப் போயிருக்கிறது. கடைக்காரர் குவார்ட்ஸ் போடுங்கள் என்கிறார். கல் பதிக்க வருகிறவர் கிரானைட்டைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள் என்கிறார். இதில் யார் சொல்வதைக் கேட்பது என்பது கேள்வி. இப்போதைக்கு யார் சொல்வதையும் கேட்க வேண்டாம். எந்த ஸ்லாப்பை வாங்கப் போகிறீர்களோ, அதே ஸ்லாப்பிலிருந்து உள்ளங்கை அளவு ஒரு துண்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். மாதிரிப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கும் துண்டு உதவாது, அது எப்போதோ எந்த மலையிலிருந்தோ வந்ததாக இருக்கும்.

பெயரை ஏன் நம்பக்கூடாது என்று சொல்லிவிடுகிறேன். கடையில் ‘கிரானைட்’ என்பது பாறையின் பெயர் இல்லை, விற்பனைப் பெயர். மார்பிள் அல்லாத கெட்டியான கல் எல்லாமே அங்கே கிரானைட்தான். கறுகறுவென்று இருக்கும் ‘பிளாக் கிரானைட்’ பெரும்பாலும் கேப்ரோ அல்லது டாலரைட் என்ற வேறு பாறை (கெட்ட கல் இல்லை, நல்ல கல்தான்). குவார்ட்ஸ், குவார்ட்சைட் இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்பாதவர்களே இல்லை. குவார்ட்ஸ் என்று மேடைக்கு விற்பது ஆலையில் செய்த பலகை, குவார்ட்சைட் பூமியிலிருந்து வெட்டியெடுத்த கல், மணற்கல் அழுத்தத்திலும் சூட்டிலும் இறுகி உண்டானது. இந்தக் குவார்ட்சைட் பெயரில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் பார்க்க மார்பிள் மாதிரியே வெள்ளையும் சாம்பல் ரேகையுமாக இருக்கும், அதனால் டோலமைட் என்ற கனிமத்தாலான மார்பிளையும் ‘சாஃப்ட் குவார்ட்சைட்’ என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். அப்படி ஒரு கல்லே கிடையாது. குவார்ட்சைட் என்றால் அது கெட்டிதான்.

கல்லை அளந்து வெட்டிப் பொருத்துவதே தொழிலாக இருந்த நானே இதில் ஏமாந்திருக்கிறேன், அதுவும் சொந்த வீட்டில். அழகான வெள்ளை ஸ்லாப், குவார்ட்சைட் என்றார்கள், அவசரத்தில் சோதிக்காமல் போட்டுவிட்டேன். ஒரு ராத்திரி பாதி எலுமிச்சையை வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி மேடையில் வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டோம். காலையில் துடைத்தால் கறை ஏதும் இல்லை. ஆனால் தலையைச் சாய்த்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தால், எலுமிச்சை இருந்த இடத்தில் அச்சு எடுத்ததுபோல ஒரு மங்கல் வட்டம், நடுவில் சுளைகளின் கோடுகூடத் தெரிந்தது. விரலால் தடவினால் சுற்றிலும் வழுவழுப்பு, அந்த இடம் மட்டும் லேசாகச் சொரசொரப்பு. அது கறை இல்லை, கல்லே கரைந்து போயிருக்கிறது, அப்படியென்றால் அது குவார்ட்சைட்டே இல்லை. இன்றைக்கும் அந்த வட்டம் அப்படியேதான் இருக்கிறது, விருந்தாளி வந்தால் மேலே ஒரு தட்டை வைத்துவிடுவேன்.

அதனால் அந்தத் துண்டை வைத்து நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் தண்ணீர். நாலு சொட்டு விட்டு 15 நிமிடம் கழித்துத் துடையுங்கள், அந்த இடம் கருத்திருந்தால் கல் உறிஞ்சுகிறது என்று அர்த்தம், உடனே கருத்தால் நிறையவே உறிஞ்சுகிறது. அடுத்து ஒரு மூலையில் சமையல் எண்ணெய், இன்னொரு மூலையில் கெட்டியான காப்பி, மூன்றாவதில் எலுமிச்சைத் துண்டு, ஒரு ராத்திரி முழுக்க. டோலமைட் அமிலத்தில் மெதுவாகத்தான் கரையும், நுரைத்துப் பொங்காது, அதனால் 5 நிமிடம் பார்த்துவிட்டு ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று எடுத்துவிடாதீர்கள். காலையில் கழுவிக் காயவைத்து, சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். நேராகப் பார்த்தால் எதுவும் தெரியாது.

பிறகு கத்தி. சாதாரண ஸ்டீல் கத்தியின் முனையால் துண்டின் பின்பக்கம் அழுத்திக் கீறுங்கள். மார்பிள் என்றால் வெள்ளைப் பொடி உதிரும், பள்ளம் விழும். நிஜமான குவார்ட்சைட், கிரானைட் என்றால் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு மட்டும் விழும், ஈரத்துணியால் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும், ஏனென்றால் கல்லில் கீறல் விழவில்லை, கத்திதான் தேய்ந்திருக்கிறது. கணக்கு எளிது. மோஸ் என்ற கடினத்தன்மை அளவில் மார்பிளில் இருக்கும் கால்சைட் 3, கத்தியும் கண்ணாடியும் 5.5 பக்கம், கிரானைட்டில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் கனிமம் 7. அதையே திருப்பியும் செய்யலாம்: துண்டின் கூர்மையான ஓரத்தை ஒரு பழைய கண்ணாடிப் பாட்டிலில் அழுத்தி இழுங்கள், குவார்ட்சைட் கண்ணாடியைக் கீறும், மார்பிள் வழுக்கிக்கொண்டு போகும். கறுப்புக் கல் வாங்குவதாக இருந்தால் கூடவே வெள்ளைத் துணியில் அசிட்டோன் (நகப்பூச்சு நீக்கும் திரவம்) நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். துணி கருத்தால் அது சாயம் ஏற்றிய சாம்பல் கல். கொஞ்ச காலத்தில் சிங்க்கைச் சுற்றித் திட்டுத்திட்டாக வெளுக்கும்.

இனி உங்கள் மூன்று கற்கள்.

மார்பிளை வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொண்டு போடுங்கள். கறை வேறு, அமில அரிப்பு வேறு. சீலர் என்பது கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கி எண்ணெயும் சாயமும் உள்ளே போவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். எலுமிச்சை, வினிகர், தக்காளி, வைன், குளிர்பானம் எது பட்டாலும் மேல் பாலிஷ் மங்கும், எவ்வளவு சீலர் அடித்தாலும் அதைத் தடுக்க முடியாது. ‘சீலர் போட்டால் சரியாகிவிடும்’ என்று சொல்லி மார்பிள் விற்கிறவரிடம் வேறு எதையும் வாங்காதீர்கள். இத்தனைக்கும் பல வீடுகளில் மார்பிள் மேடை பல வருடங்களாக இருக்கிறது, அவர்கள் அந்த மங்கலையும் தழும்பையும் ஏற்றுக்கொண்டவர்கள். உங்கள் மனைவி அந்த ரகமா என்று உங்களுக்குத்தான் தெரியும். எதற்கும் எலுமிச்சை வட்டம் விழுந்த அந்தத் துண்டை அவர் கையில் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் முகத்தைப் பாருங்கள். பரவாயில்லை என்றால் பளபள பாலிஷ் இல்லாத, மேட் ஆகத் தேய்த்த ஹோன்டு மார்பிளாகப் போடுங்கள், அதில் அரிப்பு அவ்வளவாகக் கண்ணில் படாது.

கிரானைட் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தினசரி சமையலுக்கு இதைவிடக் கவலையில்லாத இயற்கைக் கல் குறைவு. அமிலம், கீறல், சூடு மூன்றுக்கும் தாங்கும். ஆனால் ‘தாங்கும்’ என்பதற்காகக் கொதிக்கிற பாத்திரத்தை சிங்க்குக்கும் அடுப்புக்கும் வெட்டிய பள்ளத்தின் ஓரத்தில் இறக்காதீர்கள், அங்கே கல் குறுகலாக இருக்கும், ஒரு பக்கம் மட்டும் திடீரென்று சூடேறினால் விரிசல் விடலாம். வெளிர் நிறக் கிரானைட்டுகள் சில நன்றாகவே உறிஞ்சும், கறுப்பு வகைகள் கிட்டத்தட்ட உறிஞ்சாது. பிரச்சினை எல்லாம் ரசனை சம்பந்தப்பட்டதுதான், புள்ளிப் புள்ளியாக இருக்கிறதே என்பார்கள். அந்தப் புள்ளிதான் நாலு ரொட்டித்துண்டு சிந்தியிருந்தாலும் தெரியாமல் மறைக்கிறது என்பது குடிபோன பிறகு தெரியும்.

குவார்ட்ஸ் பலகையில் எடைக்குச் சுமார் 90 சதவீதம் அரைத்த குவார்ட்ஸ், மீதி பாலியஸ்டர் பிசினும் நிறமியும். இத்தாலியில் 1963-ல் தொடங்கிய பிரெட்டன் நிறுவனம் உருவாக்கிய முறை இது, கலவையை வெற்றிடத்தில் அதிரவைத்து அழுத்திப் பிறகு சூட்டில் இறுக்குவார்கள். உறிஞ்சாது, சீலர் வேண்டாம், எலுமிச்சை ஒன்றும் செய்யாது, நிறம் எல்லா ஸ்லாப்பிலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். கடைக்காரர் சொன்னதில் தவறில்லை. அவர் சொல்லாமல் விட்டது அந்த 10 சதவீதப் பிசினைப் பற்றி. சுமார் 150 டிகிரி செல்சியஸுக்கு மேல் அது கருகத் தொடங்கும், எண்ணெய் காய்ந்த வாணலி 200-ஐ எளிதாகத் தாண்டும். ஒரே ஒரு தடவை வைத்தாலும் மஞ்சள் வட்டம் விழலாம், அதைத் தேய்த்து எடுக்க முடியாது. இன்னொன்று உங்கள் ஜன்னல். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பிசினை மெல்ல மஞ்சளாக்கும், வெள்ளைப் பலகையில்தான் இது நன்றாகத் தெரியும். தினமும் மாலை வெயில் விழும் இடத்தில், அதுவும் ஒரு பாதி வெயிலிலும் மறு பாதி நிழலிலும் இருக்கிற மேடையில் வெள்ளைக் குவார்ட்ஸை நான் போட மாட்டேன். வடக்குப் பார்த்த ஜன்னலும் வாணலிக்கு அடியில் மணை வைக்கும் பழக்கமும் உள்ள வீடாக இருந்திருந்தால் கடைக்காரர் பக்கம்தான் நின்றிருப்பேன்.

குவார்ட்ஸைப் பற்றிப் பேசும்போது தூசியைச் சொல்லாமல் விட முடியவில்லை. இதை வெட்டும்போது பறக்கும் நுண்ணிய சிலிக்கா தூசி (குவார்ட்ஸ் கனிமமே சிலிக்காதான்) நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் என்ற நோயை உண்டாக்குகிறது. வெட்டும் தொழிலாளிகள் பலர், அதுவும் இளம் வயதிலேயே, பாதிக்கப்பட்டதால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தப் பலகையைத் தயாரிப்பது, விற்பது, பொருத்துவது எல்லாவற்றையும் தடை செய்துவிட்டது. வீட்டில் பதித்த பிறகு உங்களுக்கு இதனால் ஆபத்து இல்லை. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு, ஆனால் பொதுவாக 50 சதவீதத்துக்கும் குறைவு. குவார்ட்சைட்டோ கிட்டத்தட்ட முழுக்க சிலிக்காதான். எந்தக் கல்லானாலும் பட்டறையில் தண்ணீர் ஊற்றி வெட்டச் சொல்லுங்கள், ‘இங்கேயே கட் பண்ணிக்கலாம் சார்’ என்று உங்கள் வரவேற்பறையில் கிரைண்டரை உலர்வாக ஓட்ட விடாதீர்கள். அவருக்கும் கேடு, உங்கள் பிள்ளைகளுக்கும் கேடு.

மாக்கல், அதாவது சோப்ஸ்டோன், தனி ரகம். மென்மையான வகைகளை நகத்தால்கூடக் கீறலாம், ஆனால் சூடு, அமிலம், எண்ணெய் எதுவும் அதை அசைக்காது, ரசாயனக் கூடங்களில் மேசையாகப் போட்டதே அதனால்தான். வெள்ளை கிடைக்காது என்பதால் உங்களுக்கு ஒத்துவராது. டெக்டான், நியோலித் போன்ற சின்டர்டு (கனிமப் பொடியை அழுத்திச் சூளையில் சுட்டு இறுக்கிய) பலகைகளுக்கு வெயிலும் சூடும் பொருட்டே இல்லை, 12 மி.மீ. மெலிசாகவும் கிடைக்கும். ஆனால் ஓரத்தில் கனமான பாத்திரம் இடித்தால் சில்லு பெயரும், பல வகைகளில் மேலே தெரியும் ரேகை உள்ளே ஓடாது, ஆகவே பெயர்ந்த இடம் பளிச்சென்று தெரியும். வெட்டுவதற்கும் பழகிய கை வேண்டும். அனுபவமுள்ள ஆள் கிடைத்தால் யோசிக்கலாம்.

ஸ்லாப்பைப் பார்க்கப் போகும்போது ஈரத்துணி ஒன்று கொண்டுபோங்கள். நிறைய இயற்கைக் கல்லில் இயல்பாகவே மெல்லிய கோடுகள் ஓடும், விரிசலும் அதேபோலத்தான் தெரியும். நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள், தட்டினால் சந்தேகப்படுங்கள், தட்டாவிட்டால் பெரும்பாலும் கல்லின் ரேகைதான். ஈரத்துணியால் துடைத்தால் விரிசல் கடைசியாகக் காயும், தண்ணீர்க் கோடு தனியாகத் தெரியும். ஸ்லாப்பின் முதுகையும் பாருங்கள், வலை ஒட்டியிருந்தால் அந்தக் கல் தானாக நிற்காத பலவீனமான கல்லாக இருக்கலாம், அப்படியென்றால் நீளமாகப் போடும்போது தாங்கு வேண்டும். கடை விளக்குக்குக் கீழே எல்லாக் கல்லும் அழகு. துண்டை வீட்டில் ஜன்னலோரம் காலை, மாலை, ராத்திரி விளக்கு மூன்றிலும் வைத்துப் பாருங்கள். பளபளக்கும் கறுப்பு மேல் தண்ணீர்த் தடமும் விரல் ரேகையும் படும் பாட்டை அப்போதுதான் உணர்வீர்கள்.

தடிமன் 20 மி.மீ. போதுமா, 30 வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். கேபினெட் உறுதியாக இருந்தால் 20 போதும். கிரானைட் ஒரு சதுர மீட்டருக்கு 20 மி.மீ.யில் சுமார் 54 கிலோ, 30-ல் 81 கிலோ. 60 செ.மீ. அகலத்தில் 3 மீட்டர் மேடை என்றால் 97 கிலோவுக்கும் 146 கிலோவுக்கும் உள்ள வித்தியாசம், அதைத் தூக்கி வரும் நாலு பேரையும் மாடிப்படியையும் நினைத்துப் பாருங்கள். உட்கார்ந்து சாப்பிட மேடையை வெளியே நீட்டுவதாக இருந்தால் மட்டும் 30 எடுங்கள், 25 செ.மீ.க்கு மேல் நீட்டினால் அதற்கும் அடியில் பிராக்கெட் வேண்டும்.

கல்லை விட அதிகமாக வம்பு வருவது அளவெடுப்பதில்தான். கேபினெட் எல்லாம் பொருத்தி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, அசையாமல் நின்ற பிறகுதான் டெம்ப்ளேட் (கல்லை வெட்டுவதற்கான அளவு அச்சு) எடுக்க வேண்டும். வரைபடத்தைப் பார்த்து வெட்டிய கல் சுவரோடு சேராது, எந்தச் சுவரும் நேராக இல்லை. சிங்க்கும் அடுப்பும் அளவெடுக்கும் நாளில் பெட்டியோடு வீட்டில் இருக்க வேண்டும். ஒரு வீட்டில் சிங்க் வர இரண்டு வாரம் ஆகும் என்பதால் கேட்டலாக்கில் போட்டிருந்த அளவை வைத்து வெட்டினோம். வந்த சிங்க்கின் உள்வாய் ஒரு பக்கம் 12 மி.மீ. சிறியது, கல்லுக்கு அடியில் அதன் விளிம்பு பிதுங்கிக்கொண்டு நின்றது. வெட்டிய கல்லை ஒட்டவைக்க முடியுமா? புது ஸ்லாப் என் கைக்காசில் போனது.

சிங்க்கைக் கல்லுக்கு அடியில் தொங்கவிடுவது துடைக்க வசதி, ஆனால் வெறும் சிலிக்கானை நம்பி ஒட்டாமல் கீழிருந்து பிடிமானம் கொடுக்கச் சொல்லுங்கள், தண்ணீரும் பாத்திரமும் நிறைந்த சிங்க்கின் எடை கொஞ்சநஞ்சம் இல்லை. வெட்டுகளின் உள்மூலை எல்லாம் வளைவாக இருக்க வேண்டும், சதுரமாக வெட்டினால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். ‘எல்’ மூலையை ஜாயின்ட் இல்லாமல் ஒரே கல்லில் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள், கல்லும் வீண், ஏற்றி இறக்கும்போது உள்மூலையில் உடையவும் செய்யும். ஜாயின்ட் மூலையிலேயே வரட்டும், தண்ணீர் தேங்கும் சிங்க் பக்கம் மட்டும் வேண்டாம். முன் ஓரத்துக்கு அடியில் ஒரு மெல்லிய பள்ளக்கோடு இழுக்கச் சொல்லுங்கள். வழிகிற தண்ணீர் அந்தக் கோட்டோடு நின்று சொட்டும், கேபினெட் கதவு வரை ஓடி ஊறாது. பத்து நிமிட வேலை, கேட்டால்தான் செய்வார்கள்.

பராமரிப்பு சுலபம். மிதமான சோப்புத் தண்ணீர், உலர்ந்த துணி. இயற்கைக் கல் உறிஞ்சுகிறதா என்பதை அதே நாலு சொட்டுத் தண்ணீர் சொல்லும், கருத்தால் சீலர் அடியுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள், வருடக் கணக்கெல்லாம் வேண்டாம். எண்ணெய்க் கறை இறங்கிவிட்டால் சமையல் சோடாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து அப்பி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடி ஒரு நாள் விட்டு, பிறகு தாளை எடுத்துக் காயவிட்டுத் துடையுங்கள். ஒரே தடவையில் போகாது, இரண்டு மூன்று முறை செய்தால் இழுத்துவிடும்.

சரி, உங்கள் வீட்டுக்கு நான் என்ன போடுவேன்? வெயிலும் தினசரிச் சமையலும் இருப்பதால் சிங்க், அடுப்பு உள்ள பக்கங்களுக்குச் சோதனையில் தேறிய வெள்ளைக் குவார்ட்சைட், மேட் பாலிஷில். அது கைக்கு எட்டாத செலவென்றால் உறிஞ்சாத வெளிர் கிரானைட். வெட்டக் கடினமான கல் என்பதால் குவார்ட்சைட்டுக்கு வெட்டுக்கூலியும் கூடுதலாக இருக்கும், அதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். மார்பிள் ஆசையை முழுக்கக் கைவிட வேண்டியதில்லை. மூலையில் தனியாக ஒரு 60 செ.மீ. மேடை கிடைத்தால் அதற்கு மட்டும் மார்பிள் போடுங்கள், மாவு தேய்க்கக் குளிர்ச்சியாக இருக்கும், எலுமிச்சை அந்தப் பக்கம் போகாது.

பணம் கொடுக்கும்போது நீங்கள் பார்த்த ஸ்லாப்பின் எண்ணை ரசீதில் எழுதி வாங்குங்கள், ஸ்லாப்போடு ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் சிங்க்குக்காக வெட்டியெடுத்த கல் உங்களுடையது, நீங்கள் காசு கொடுத்தது, பட்டறையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். ஓரத்தைத் தேய்த்துத் தரச் சொன்னால் நல்ல மாவுப் பலகை ஆகும். புதிதாக ஏதாவது கிளீனர் வாங்கினால் முதலில் அதன் பின்பக்கத்தில் ஊற்றிப் பார்த்துக்கொள்ளலாம்.